திட்டு வாங்கி டோனி வாங்கிய ஆட்டம்! தெரியுமா?

வசனமே இல்லாத ஒரு நாடகம் நியூயார்க்கின் நாடக அரங்குகளுக்குப் பேர்போன பிராட்வேயில் 1,303 காட்சிகள் ஓடியது, தெரியுமா? பாத்திரங்கள் பேச மாட்டார்கள், பாடவும் மாட்டார்கள். ஆடுவார்கள், பறப்பார்கள், மறுபடி ஆடுவார்கள்! அவர்கள் தலைக்கு மேலே உயரத்தில் ஒரு தளம். அதில் ராக் இசைக்குழு. பியானோவில் ஒரே ஒரு பாடகர். மொத்தக் கதையும் அவர் தொண்டையில்தான்.

‘மூவின் அவுட்’ என்பது அதன் பெயர். பாட்டெல்லாம் அமெரிக்க ராக் பாடகர் பில்லி ஜோயலின் பழைய பாட்டுகள். அவற்றைக் கோத்து, வியட்நாம் போருக்குப் போய்ச் சிதைந்து திரும்பும் லாங் ஐலண்ட் இளைஞர்களின் கதையாக்கியவர் நடன இயக்குநர் ட்வைலா தார்ப். சும்மா ஆளில்லை! 1973-லேயே பீச் பாய்ஸ் ராக் குழுவின் பாட்டுக்கு பாலே ஆடவிட்டு, பின்னாலேயே இளைஞர்களை நிற்க வைத்துக் காட்சி நடக்கும்போதே ஸ்ப்ரே பெயிண்டில் கிராஃபிட்டி வரைய வைத்தவர்.

அந்தப் பியானோ பாடகர் மைக்கேல் காவனாவை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? லாஸ் வேகாஸ் கேசினோ ஒன்றின் பியானோ பாரில்! ஆட்டமோ உடம்பை முறித்துப்போடும் ரகம். அதனால் பகல் காட்சிக்கு முக்கிய வேடங்களில் வேறு ஆட்கள்.

இனிதான் விஷயமே. 2002 கோடையில் சிகாகோவில் வெள்ளோட்டம் விட்டார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்! முதல் பாதியில் யார் யாரென்றே புரியவில்லை என்பது பெரிய புகார். வெள்ளோட்ட விமர்சனத்தை நியூயார்க் பத்திரிகைகள் தொடுவதில்லை என்பது எழுதாத சட்டம். ஒரு நாளிதழ் அதையும் மீறி சிகாகோ விமர்சனத்தை எடுத்துப் போட்டுவிட, தயாரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள்.

தார்ப் என்ன செய்தார் தெரியுமா? திட்டுகளையெல்லாம் மகனிடம் கொடுத்து, உருப்படியான குறைகளை மட்டும் சலித்தெடுக்கச் சொன்னார். பிறகு முதல் பாதியைப் பிரித்துப்போட்டு மறுபடி கோத்தார். அக்டோபர் 24-ல் பிராட்வே அரங்கேற்றம். நியூயார்க் டைம்ஸ் கொண்டாடியது! ஆனாலும் எல்லாரும் மசியவில்லை. கதை அரதப்பழசு என்றார்கள் சிலர். இது மியூசிக்கலே இல்லை, நடனம் சேர்த்த கச்சேரி என்றார்கள் சிலர். (கதை பழசுதான். அந்த ஆட்டத்தின் முன்னால் அது யாருக்கு வேண்டும்?) நடன அமைப்புக்கு தார்ப்பும், இசைக்கோப்புக்கு பில்லி ஜோயலும் ஸ்டூவர்ட் மலினாவும் பிராட்வேயின் பெரிய விருதான டோனியை வாங்கினார்கள். சிறந்த மியூசிக்கல் விருது மட்டும் ‘ஹேர்ஸ்ப்ரே’வுக்குப் போய்விட்டது.

அதே சூத்திரம் மறுபடி பலித்ததா? 2006-ல் லண்டனுக்குப் போன ‘மூவின் அவுட்’ இரண்டு மாதத்துக்குள் மூட்டை கட்டியது. அதே ஆண்டு பாப் டிலன் பாட்டுகளை எடுத்து, சர்க்கஸ் கூடாரம், டிராம்போலின் சகிதம் தார்ப் பிராட்வேயில் இறங்கினார். 28 காட்சி. அவ்வளவுதான்! ஜோயல் பாட்டில் பிரெண்டா, எடி என்று பெயர் வைத்த ஆட்களே நடமாடுகிறார்கள். எடுத்து ஆடவிட்டால் போதும். டிலன் பாட்டு அப்படியா? அவர் சொல்லும் படிமத்தை மேடையில் அப்படியே செய்து காட்டினால் சப்பென்று ஆகிவிடுகிறது; விமர்சகர்கள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். இத்தனைக்கும், என் பாட்டை எடுத்துச் செய்யுங்கள் என்று தார்ப்பைத் தேடிவந்தவரே டிலன்தான், தெரியுமா?