காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: அதை மாற்றினால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்ட், மவுஸ் இவைதான் நம் நினைவுக்கு வரும். இவை எதுவுமே இல்லாத கம்ப்யூட்டர் ஒன்று இன்று விற்பனையாகும் ஒவ்வொரு பெட்ரோல் காரிலும் இருக்கிறது. கையடக்கமான அலுமினியப் பெட்டி. இன்ஜின் கண்ட்ரோல் யூனிட், சுருக்கமாக இ.சி.யு. என்று இதனை அழைக்கிறார்கள். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்ற இரண்டையும் இதுதான் முடிவு செய்கிறது. மீதி வேலைகள் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இதன் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு செகண்டிலும் 200 முறை பொறி விழ வேண்டும். நம் வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டர் அவ்வப்போது சற்று யோசித்து நிற்பது போல இது நின்றால் கதை முடிந்தது.

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு டர்போ கார் ஒன்றும் அந்நியம் இல்லை. 2013-ல் மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினுடன் ஈகோஸ்போர்ட் வந்தது. அந்தத் தொழிற்சாலை 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலிருந்து 2019-ல் வென்யூ, ஒரகடத்திலிருந்து 2020-ல் நிசான் மேக்னைட் என்று டர்போ கார்கள் வந்தபடி இருக்கின்றன. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதன் பலத்தால் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இ.சி.யு. பார்த்துக் கொள்கிறது.

சேலையூரில் இருக்கும் என் அக்கா மகன் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்று வாங்கினான். 1.8 லிட்டர் டர்போ. கம்பெனி கொடுத்தது 150 குதிரைத் திறன். அது போதாதாம். வெளியில் விற்கும் இ.சி.யு. ஒன்றை வாங்கி வந்துவிட்டான். மெக்கானிக்குக்கு இன்ஜின் அத்துபடி, லேப்டாப் என்றால் சற்றுத் தயக்கம். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

இந்த வேலையில் மூன்று வழிகள் உண்டு. கம்பெனி இ.சி.யு.வில் உள்ள புரோகிராமையே திருத்தி எழுதுவது ஒன்று. அதனுடன் இன்னொரு சிறு பெட்டியை இணைத்து, சென்சார் தரும் தகவல்களை மாற்றிக் கொடுப்பது இரண்டாவது. இது எனக்குப் பிடிக்கவில்லை. கணக்குப் பிள்ளைக்குப் பொய்க் கணக்கு கொடுப்பது போன்றது. மூன்றாவது, பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய இ.சி.யு.வை வைப்பது. இதில் புகழ் பெற்றது மெகாஸ்குவர்ட். புரூஸ் போலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் 2001-ல் கொண்டு வந்த, நாமே சால்டர் செய்து கொள்ளும் கிட். முதல் மாடலின் பிராசசர் வேகம் 8 மெகா ஹெர்ட்ஸ், மெமரி 32 கிலோ பைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட இதில் வைக்க முடியாது. ஆனால் ஒரு இன்ஜினையே ஓட்டிவிடும்! எங்கள் வீட்டுப் பையன் வாங்கியது வேறு தயாரிப்பு என்றாலும் உள்ளே நடக்கும் வேலை இதேதான்.

அந்த வேலையைப் புரிந்து கொள்ள எக்ஸெல் ஷீட் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். குறுக்கே இன்ஜின் சுற்று: 1000, 1500, 2000 என்று. நெடுக்கே இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோ பாஸ்கல். டர்போ முழு மூச்சில் ஊதினால் 170-ஐத் தொடலாம். ஒவ்வொரு செல்லிலும் ஓர் எண். அந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்பதை அது சொல்லும். இதே போல் பொறிக்கு இன்னொரு டேபிள். சுற்று 3,200 என்றால் 3,000, 3,500 ஆகிய இரு செல்களுக்கும் நடுவில் உள்ள மதிப்பை இ.சி.யு. தானே கணக்கிட்டுக் கொள்ளும். டியூனிங் என்பது இந்த எண்களைத் திருத்துவதுதான்.

எக்ஸெல்லில் தப்பாக ஓர் எண்ணை டைப் செய்தால் கண்ட்ரோல் இசட் அழுத்திச் சரி செய்துவிடலாம். இங்கே 100-க்கு மேல் உள்ள வரிசைகளில் பெட்ரோலைக் குறைத்து வைத்தாலோ, பொறியை முந்த வைத்தாலோ கலவை தானாகவே வெடிக்கத் தொடங்கும். நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். சில செகண்டுகளிலேயே பிஸ்டன் உருகிவிடலாம். கத்திரி வெயிலில் உள்ளே போகும் காற்றே கொதிக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ முழு வேகத்தில் இருக்கும்போது 11.5 முதல் 12 வரை என்று வைத்து வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டுகிறார்கள். அந்த அதிகப் பெட்ரோல் உள்ளே வெப்பத்தைத் தணிக்கும்.

அக்கா மகனின் பெட்டியுடன் வந்த ரெடிமேட் பைலில் சிக்கல் இங்கேதான் இருந்தது. அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எழுதப்பட்டது. நம் பங்க்குகளில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இதற்குச் சரியான விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. அதாவது பைலில் உள்ள எண்களை அப்படியே விட்டால், எல்லா செல்லிலும் எரிபொருள் பற்றாக்குறை! வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்றைப் புகைக்குழாயில் பொருத்தி, லேம்டா என்ற அளவில் பார்த்துத்தான் எண்களை ஏற்றினோம். எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு லேம்டா 1 என்பதால் குழப்பம் இல்லை. இதைச் செய்வதற்குள் டர்போவை ஊத விடக் கூடாது என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

லேப்டாப் விஷயத்துக்கு வருவோம். யு.எஸ்.பி. சீரியல் கன்வர்ட்டர் பயன்படுத்தினால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். போர்ட்ஸ் என்ற பிரிவில் உள்ள காம் எண்ணைப் பார்த்து, அதையே டியூனிங் புரோகிராமிலும் கொடுக்கவும். பாதி பேர் சிக்கிக் கொள்வது இங்கேதான். ஸ்லீப் வசதியை நிறுத்தி வைக்கவும். முதல் வேலையாக, உள்ளே இருக்கும் பைலைத் தேதியுடன் பெயரிட்டு இரண்டு இடத்தில் சேவ் செய்திடவும். மெகாஸ்குவர்ட்டில் நீங்கள் மாற்றும் எண் முதலில் ராமில்தான் இருக்கும். பர்ன் கொடுத்தால்தான் நிலைக்கும். சேவ் செய்யாத வேர்ட் பைல் கரண்ட் போனால் என்ன ஆகுமோ, சாவியைத் திருப்பியவுடன் இங்கேயும் அதேதான். இ.சி.யு.வின் புரோகிராமையே மாற்றும்போது கார் பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுக் கொள்ளவும். பயாஸ் அப்டேட் நடுவில் நின்றால் மதர்போர்ட் போவது போல இதுவும் போய்விடும்.

சரி, இதைச் சாலையில் ஓட்டலாமா? கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நள்ளிரவில் ஈ.சி.ஆரிலோ வண்டலூர் வெளிவட்டச் சாலையிலோ வேகம் பார்ப்பவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வேகம் பார்க்க இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் ரேஸ் டிராக் உள்ளது. 1990 முதல் இயங்கும், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக்.

எங்கள் வீட்டுப் பையன் வயர்களை வெட்டாமல், இரு பெட்டிகளையும் மாற்றி மாற்றிச் செருகும்படி கனெக்டர் போட்டுக் கொண்டான். சேலையூரில் கம்பெனி பெட்டியுடன்தான் கார் ஓடுகிறது. டிராக்குக்குப் போகும் நாளில் காரை ஒரு லாரியில் ஏற்றி, படப்பை, ஒரகடம் வழியாக அனுப்பிவிட்டு, புதிய பெட்டியையும் லேப்டாப்பையும் பையில் எடுத்துக் கொண்டு பின்னால் போகிறான்.