கூடாரம் விட்டுச்செல்லும் தழும்பு

இமயத்தின் உயரப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு 2018-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. புல் பிழைத்துக்கொள்ளும். அதை நம்பிப் பிழைத்த கிராமங்கள்?

மே மாதம் பனி உருகியதும் கர்வால் இமயமலையின் மேல் சரிவுகளில் பச்சை படரத் தொடங்குகிறது. ஓக் மரங்களும் ரோடோடென்ட்ரான் மரங்களும் சுமார் 11,000 அடி உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்தான். உள்ளூர்க்காரர்கள் இதை புக்யால் என்கிறார்கள். சமோலி மாவட்டத்தின் ஆலி, பேத்னி புக்யால்கள் இவற்றில் பெயர் பெற்றவை. எதிரே திரிசூல் சிகரம். மின்சாரம் கிடையாது, வெந்நீர்க் குளியல் கிடையாது. தரையில் ஒரு விரிப்பு, அடுப்பில் கொதிக்கும் கிச்சடி, தலைக்கு மேல் நட்சத்திரங்கள். சமவெளி நகரங்களின் வெயிலுக்குத் தப்பி ஆயிரக்கணக்கானோர் முதுகில் மூட்டையுடன் இங்கே ஏறி வந்தது இதற்காகத்தான்.

எளிமையான வாழ்க்கை, இயற்கைக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் தோன்றும். புல்லின் கணக்கு வேறு. இந்த உயரத்தில் அது வளர்வதற்குக் கிடைப்பது வருடத்தில் நான்கைந்து மாதங்கள் மட்டுமே. ஒரே இடத்தில் சீசன் முழுக்கக் கூடாரம் நின்றால் அடியிலுள்ள புல் வெளிச்சமின்றி மஞ்சளாகிறது. மழைநீரை வடிக்கக் கூடாரத்தைச் சுற்றி வெட்டும் வாய்க்கால், அடுத்த மழையில் ஓடையாகிறது. சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளின் குளம்பு பட்டு ஒற்றையடிப் பாதை அகன்று, மண் சரிகிறது. குளிரில் மனிதக் கழிவுகூட எளிதில் மக்குவதில்லை. பிளாஸ்டிக் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைக் கண்டு முதலில் கவலைப்பட்டது டெல்லியிலிருந்து வந்த ஆர்வலர்கள் அல்ல. ஆலி, பேத்னி, பக்ஜி புக்யால்களைக் காக்க அமைந்த உள்ளூர்க் குழு ஒன்று 2014-ல் நைனிடாலில் உள்ள உத்தரகண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. ஆகஸ்ட் 2018-ல் தீர்ப்பு வந்தது. புக்யால்களில் இரவு தங்கக்கூடாது. ஒரு புல்வெளிக்கு அதிகபட்சம் 200 சுற்றுலாப் பயணிகள். நிரந்தரக் கட்டுமானங்களை அகற்ற வேண்டும். வியாபார நோக்கிலான மேய்ச்சல் கூடாது, உள்ளூர் மேய்ப்பர்கள் மட்டும் கட்டுப்பாட்டுடன் மேய்க்கலாம்.

காகிதத்தில் நியாயமாகத் தெரிந்த உத்தரவு, மலையில் ஒரு பாதையையே முடக்கியது. எலும்புக்கூடுகளுக்குப் பெயர்போன ரூப்குண்ட் ஏரி சுமார் 16,500 அடியில் இருக்கிறது. வழியில் காட்டுக்குள் உள்ள கடைசித் தங்குமிடமான கைரோலி பாதல் இருப்பது சுமார் 10,000 அடியில். இரண்டுக்கும் இடையே எங்கும் படுக்க முடியாது என்றால் ஒரே நாளில் 6,000 அடிக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். 10,000 அடியைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு சுமார் 1,600 அடிக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவம் வகுத்த விதி. படிப்படியாகத் தங்கி ஏறினால்தான் உடல் பழகும். மலையேற்ற நிறுவனங்கள் பலவும் ரூப்குண்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதில் வியப்பில்லை.

நிறுவனங்களுக்கு வேறு மலைகள் இருக்கின்றன. லோஹாஜங், வாண் கிராமங்களின் வழிகாட்டிகளுக்கும் சமையல்காரர்களுக்கும் கழுதைக்காரர்களுக்கும் அப்படி இல்லை. உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் விளையும் சின்ன வயல்களுக்கு வெளியே, காசு வந்த வழிகளில் கோடைக்கால மலையேற்றம் முக்கியமானது.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய கதையும் அல்ல. 1974-ல் நந்தாதேவி சிகரத்தின் உள்வட்டப் பள்ளத்தாக்கு மலையேறுபவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குப்பை குவிந்தது. 1982-ல் அது தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டே கதவு மூடப்பட்டது. சுமை தூக்கிப் பிழைத்த லாதா, ரேனி கிராமத்தினர் வருமானத்தோடு மேய்ச்சல் உரிமையையும் இழந்தார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்துக் காடு காத்த சிப்கோ பெண்களின் ஊர்தான் ரேனி. குப்பை போட்டவர் ஒருவர், தண்டனை அடைந்தவர் வேறொருவர்.

இரண்டுக்கும் நடுவே வழி இல்லாமல் இல்லை. உத்தரகாசி மாவட்டத்தின் தயாரா புக்யால் ஓர் உதாரணம். ரைதல், பர்சு கிராமங்களிலிருந்து புறப்பட்டுக் காட்டு விளிம்பிலுள்ள வெட்டவெளிகளில் கூடாரம் அடித்து, பகலில் புல்வெளிக்கு ஏறி, மாலையில் இறங்கிவிடலாம். மண் அரித்த இடங்களில் வனத்துறை தேங்காய் நார் விரிப்பும் பைன் மர ஊசியிலைகளும் போட்டுப் புல்லை மீட்கும் வேலையைச் செய்தது. புகழ்பெற்ற மலர்ப் பள்ளத்தாக்கிலும் இதே முறைதான்: தங்குவது காங்கரியாவில், பூக்களைப் பார்ப்பது பகலில்.

அதாவது, கூடாரத்தின் இடம் காட்டு எல்லைக்குக் கீழே. இன்னும் நல்லது, கிராமத்து வீட்டுத் திண்ணை. மரமும் கல்லும் வைத்துக் கட்டிய வீட்டில் தங்கி மண்டுவா ரொட்டி தின்றால், நிறுவனத்தின் கணக்கில் சேரும் பணம் நேராக அந்த வீட்டுக்காரர் கைக்குப் போகும்.

வரும் கோடையில் கிளம்புபவர்கள் சில விஷயங்களை மனதில் வைக்கலாம். அனுமதி விவரத்தை வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். வழிகாட்டியை அந்தப் பள்ளத்தாக்கிலேயே அமர்த்துங்கள். விறகுக்காகக் காட்டில் கை வைக்காதீர்கள். கழிப்பிடக் குழி ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி இருக்கட்டும். ஏற்றிய பிளாஸ்டிக் எல்லாம் உங்களோடு இறங்கட்டும்.

ரூப்குண்ட் போன்ற நீண்ட பாதைகளுக்கு இது மட்டும் போதாது. எந்த இடத்தில், ஒரு இரவுக்கு எத்தனை கூடாரம், எத்தனை ஆண்டு கழித்து அந்த இடத்துக்கு ஓய்வு என்று அரசும் கிராமங்களும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். புல் எங்கே காய்கிறது என்பதைப் பார்த்து வழக்குப் போட்டவர்களே அந்த ஊர்க்காரர்கள்தானே. காவலையும் அவர்களிடம் கொடுப்பதில் தயக்கம் எதற்கு?