ஒரே வீட்டில் இரண்டு இளைப்பு: பிள்ளையின் ஆஸ்துமாவும் பெரியவரின் ஆஸ்துமாவும்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் "வீசிங்" என்ற சொல் அதிகமாகிவிடும். சென்ற ஐப்பசியில் ராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரி வந்திருந்தார். ஒன்பது வயது மகனுக்கும் இளைப்பு, நூற்பாலையில் வேலை பார்க்கும் கணவருக்கும் இளைப்பு. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு நீல நிற இன்ஹேலர். யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவர் அதை எடுத்து அடித்துக்கொள்வார். "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானே, மருந்தும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். இது பலருடைய மனத்திலும் இருக்கும் கேள்வி என்பதால் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஆஸ்துமாவில் நடப்பது எல்லா வயதிலும் ஒன்றுதான். மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் இறுகிய தசையைச் சில மணி நேரம் தளர்த்தும்; வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர். நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லி வருகிறது. அதே ஆண்டில் உலகில் சுமார் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கடும் ஆஸ்துமா என்பது எது?

அடிக்கடி மூச்சு முட்டுவதெல்லாம் கடும் ஆஸ்துமா அல்ல. அதிக அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரையும் அதனுடன் இன்னொரு மருந்தையும் சரியான முறையில், விடாமல் எடுத்தும் நோய் அடங்கவில்லை என்றால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் ஆஸ்துமாக்காரர்களில் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு நோய் அடங்காததற்குக் காரணம் பெரும்பாலும் இன்ஹேலரைத் தவறாக இழுப்பது, நன்றாக இருக்கும்போது நிறுத்திவிடுவது, வீட்டுப் புகை ஆகியவைதான். விலை கூடிய மருந்தைத் தேடும் முன் இவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

பிள்ளைகளிடம்

பிள்ளைகளின் கடும் ஆஸ்துமா பெரும்பாலும் ஒவ்வாமையோடு சேர்ந்தது. அந்தப் பிள்ளைக்குக் கரப்பான், தும்மல், கண் அரிப்பு, சில உணவு ஒவ்வாமை முன்பே இருந்திருக்கும். பருவ வயதுக்கு முன் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். சாதாரண ஜலதோஷம் பிடித்த மறுநாளே திடீரென்று இளைப்பு கூடிவிடும். இடைப்பட்ட நாட்களில் ஓடி விளையாடுவான். ஊதிப் பார்க்கும் பரிசோதனைகூட நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் பெற்றோர் மருந்தை நிறுத்துகிறார்கள். வளர வளர இளைப்பு குறைந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் சிறுவயதிலேயே கடுமையாக இருந்தால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: இதுவரை இளைப்பே வராத சின்னக் குழந்தைக்குத் திடீரென்று மூச்சு முட்டினால் நிலக்கடலையோ பாசிமணியோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பெரியவர்களிடம்

முப்பது, நாற்பது வயதுக்குமேல் புதிதாக வரும் ஆஸ்துமா பெண்களுக்கு அதிகம். ஒவ்வாமையின் பங்கு இதில் குறைவு. உடற்பருமன், மூக்கில் சதை வளர்ச்சி, சைனஸ், நெஞ்செரிச்சல் ஆகியவை துணைக்கு வரும். சிலருக்கு ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்டவுடன் இளைப்பு வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல மூச்சுக்குழாய் நிரந்தரமாகவே குறுகிவிடலாம். தானாகக் குணமாவது அரிது. இருதயக் கோளாறும், பீடி, விறகுப் புகையால் கெட்ட நுரையீரலும்கூட ஆஸ்துமா போலவே தெரியும். அதனால் பெரியவர்களுக்குப் பரிசோதனை இல்லாமல் பெயர் வைக்கக் கூடாது.

வேலையையும் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் விறகு அடுப்புகள் என்று நம் பிழைப்பே தூசியிலும் புகையிலும் இருக்கிறது. ஆலையில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் தூசி அதிகம். விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகினால் அது பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம். வேலை நாட்களில் கூடி விடுமுறையில் குறைகிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது.

மருந்திலும் வேறுபாடு

பிள்ளைக்கு இன்ஹேலரை ஸ்பேசர் குழாய் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு முறை அழுத்தி ஐந்தாறு மூச்சு இழுக்கவிட்டு, பிறகே அடுத்தது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். "ஸ்டீராய்டு என்றால் பிள்ளை வளராது" என்று பயப்படுகிறார்கள். உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவில் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அடங்காத ஆஸ்துமாவோ வளர்ச்சியையும் படிப்பையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெரியவர்களிடம் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, கண்புரை எல்லாவற்றையும் கொண்டுவரும்.

இத்தனைக்கும் அடங்காதவர்களுக்கு, இரத்தத்தில் ஐஜிஇ, ஈசினோஃபில் அளவு பார்த்து ஓமலிசுமாப் போன்ற ஊசிகள் போடுகிறார்கள். ஆறு வயது முதல் கொடுக்கலாம். விலை மிக அதிகம். நெஞ்சக நோய் நிபுணரின் முடிவில்லாமல் இதைத் தொடங்க முடியாது.

நம் வீடுகளில்

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகையை இளைப்புக்காரர் இருக்கும் அறையில் தவிருங்கள். "நிக்காஹ் பேசும் நேரம்" என்று பெண் பிள்ளைகளின் இன்ஹேலரை ஒளித்து வைக்காதீர்கள். இன்ஹேலர் ஒரு குறையின் அடையாளம் அல்ல. அதை ஒளித்தால் நள்ளிரவில் தேடும்போது கைக்குக் கிடைக்காது.

ரமலானில் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். காலை, இரவு எடுக்கும் இன்ஹேலரை மருத்துவரிடம் கேட்டு ஸஹரிலும் நோன்பு திறந்த பின்பும் எடுக்கலாம். பகலில் இன்ஹேலர் அடித்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளி நோன்பை விட்டுப் பிறகு களா செய்ய திருக்குர்ஆனே (2:184) சலுகை தந்திருக்கிறது. மூச்சு முட்டும்போது மருந்தை மறுப்பது பேணுதல் ஆகாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்குதல், குழந்தை பால் குடிக்கவோ சாப்பிடவோ முடியாமை, சோர்ந்து சத்தம் அடங்கிப்போதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உட்கார வைத்து, நீல இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு முறை கொடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். நான்கு நிமிடத்தில் குறையவில்லையென்றால், வண்டி வரும்வரை அதே போல் மீண்டும் கொடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்தச் சகோதரியின் வீட்டில் இப்போது பையனுக்கு ஸ்பேசரும் தினசரி இன்ஹேலரும் தனியே இருக்கின்றன. அவனுடைய அத்தா பரிசோதனை செய்து, தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேட்டிருக்கிறார். ஸ்பேசர் வாங்க வசதியில்லாதவர்கள் மருத்துவரின் சீட்டுடன் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம். இன்ஹேலரையும் கையோடு கொண்டு வந்தால், அதை இழுக்கும் முறை சரிதானா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.