மிளகு எடை போட்டதையும் எழுது, தம்பி

கொல்லிமலை எடப்புளி நாட்டு டீக்கடை பெஞ்சில் ஒரு தம்பி தன் பயோடேட்டாவை நீட்டினான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலைக்காக பிரௌசிங் சென்டரில் அடித்தது. மேலே ‘குறிக்கோள்’ என்று நான்கு வரி. கீழே அப்பா பெயர், மதம், சாதி, உறுதிமொழி. நடுவில் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்.

“ரெண்டு வருஷமா என்ன செஞ்ச?”

“சும்மாதாண்ணா. அம்மா குழுவோட சாமை மில்லுக்குக் கணக்கு எழுதுனேன். சீசன்ல மிளகு எடை போட்டேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்பதுதானே ஸ்டோர் கீப்பர் வேலை? அதைச் செய்தவன் அதையே விட்டுவிட்டான். சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பை நம் பிள்ளைகள் வேலையாகவே எண்ணுவதில்லை.

கணித மேதை ராமானுஜன் கதையைச் சொன்னேன். 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு அவர் எழுதிய கடிதம் சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரிப் படிப்பு வரை படித்தது, சூழ்நிலையால் மேலே படிக்க முடியாமல் போனது, அதன்பின் முழு நேரமும் கணிதத்திலேயே செலவிட்டது. படிப்பு நின்றதை அவர் மறைக்கவில்லை; நின்ற பிறகு செய்ததையும் விடவில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் இருந்தது. மார்ச் 1 அன்று வேலையில் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய்.

தம்பியின் தாளில் குறிக்கோளைக் கோடு போட்டு அடித்தேன். சாதி விவரம் அரசு வேலை விண்ணப்பத்தில் கேட்பார்கள், சான்றிதழோடு கொடுக்கலாம், பட்டறைக்கு எதற்கு? ஆதார் எண்ணும் வேண்டாம். மலையில் சிக்னல் வரும் போகும், அதனால் கீழே இருக்கும் மாமா நம்பரையும் சேர்க்கச் சொன்னேன். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கித் தினமும் எப்படி வருவான் என்று முதலாளி யோசிப்பார். ‘நாமக்கல்லில் தங்கி வேலை செய்யத் தயார்’ என்ற ஒரு வரி அந்தக் கவலையைத் தீர்க்கும்.

பிறகு அவனே பேனாவை வாங்கினான். ‘2 ஆண்டுகள், மகளிர் குழு சாமை மில்லில் வரவு, செலவு, இருப்புக் கணக்கு எழுதினேன்.’

“எத்தனை மூட்டைன்னும் போடட்டுமாண்ணா?”

“போடு. ஆனா குத்துமதிப்பா வேணாம். நேர்ல கேட்டா காட்டணும்.”

கணக்கு நோட்டை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். இன்னும் இரண்டு டீ சொன்னேன்.