நாற்பத்தெட்டு மணி நேரத்தின் நான்கு வடிவங்கள்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கை முன்வைத்து முறைப்பணியும் பணியிடக் காயமும்

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளர்கள் ‘ஷிப்ட்’ என வழங்கும் முறைப்பணிக்கும் பணியிடத்தில் நேரும் காயத்திற்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. இரவுப்பணி ஆபத்தானது என்னும் பொதுக்கூற்றோடு நில்லாமல், அந்த ஆபத்து நான்கு கூறுகளால் ஆனது என்பதையும், அவற்றுள் இரண்டை மட்டுமே நம் தொழிலகச் சட்டம் அளந்தது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது. பாபநாசம் நூற்பாலை, சங்கர்நகர் சிமெண்ட் ஆலை ஆகியவற்றின் பின்னணியில் முறைப்பணியின் இருவகைத் தோற்றம் பிரித்துக் காட்டப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பெண்களுக்கென விதிக்கப்பட்ட 12 மணி நேர இடைவெளி, தொழிலாளர் அனைவருக்கும் உரியது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: முறைப்பணி, இரவுப்பணி, பணியிடக் காயம், உடற்கடிகாரம், தொழிலகச் சட்டம், தாமிரபரணி.

1. முன்னுரை

2022 மே 14ஆம் நாள் இரவு, பாளையங்கோட்டை வட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்தது. உள்ளே பணியிலிருந்த அறுவர் சிக்கிக்கொண்டனர், நால்வர் உயிரிழந்தனர். மீட்புப்பணி நாள்கணக்கில் நீடித்தது. அந்நாள்களில் குவாரியின் ஆழம், உரிமம், வெடிமருந்துப் பயன்பாடு ஆகியன பற்றிப் பேசப்பட்டன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் அவற்றோடு சேர்த்து எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு: அந்த நேரத்தில் அங்கே வேலை ஏன் நடந்தது? பாறையைச் சரித்தது இரவு என்று எவரும் கூற இயலாது. ஒரு நிகழ்வை மட்டும் கொண்டு காரணத்தை நிறுவுவது ஆய்வு நெறியும் அன்று. ஆனால் பகலில் கண்ணுக்குப் புலப்படக்கூடிய பாறை வெடிப்பு இரவில் புலப்படாது. மீட்போர் வந்து சேரும் வேகமும் இரவில் வேறு. ஆகவே, பணி நேரம் என்பது விபத்தின் பின்னணி மட்டுமன்று. ஆராயத்தக்க ஒரு மாறி.

அந்த மாறியை எவ்வாறு பகுத்துக் காண்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆற்றங்கரையில் முறைப்பணியின் தோற்றம்

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அடிவாரத்தில் நூற்பாலை அமைத்தனர். பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் நீர்விசையே அதன் எந்திரங்களை இயக்கியது. நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டியிருந்த தென்கோடியில், ஆண்டு முழுவதும் வற்றாத ஆறு ஆலைக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. விக்கிரமசிங்கபுரம் ஆலையூராக வளர்ந்தது. பிற்காலத்தில் மதுரா மில்ஸ், மதுரா கோட்ஸ் என்னும் பெயர்களில் அறியப்பட்டது இதன் தொடர்ச்சியே.

ஆறு இரவில் நிற்பதில்லை. ஆனால் ஆறு ஓடுவதால் மட்டும் ஆலை இரவில் ஓடிவிடாது. அதற்கு வெளிச்சம் வேண்டும். இந்திய ஆலைகளில் வேலை நேரம் நீண்டதற்கு மின்விளக்கு ஒரு முதன்மைக் காரணம். 1905ஆம் ஆண்டளவில் பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு பரவியபோது வேலை நாள் பகல் வெளிச்சத்தின் எல்லையைத் தாண்டியது. அதனை ஒட்டிய விசாரணைகளின் விளைவாகவே 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலை ஆண் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்னும் வரம்பை முதன்முறையாக விதித்தது. 1922இல் அது 11 மணி நேரமாகவும், 1934இல் 10 மணி நேரமாகவும் குறைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டம் நாளுக்கு 9, வாரத்திற்கு 48 மணி நேரம் என நிலைநிறுத்தியது. ஒருவரது வேலை நேரம் குறைந்தபோது எந்திரத்தின் நேரம் குறையவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது மூன்று முறைப் பணி. நூற்பாலைத் தொழிலாளர் பேச்சில் இன்றும் வழங்கும் ‘அரை நைட்’, ‘முழு நைட்’ என்னும் சொற்கள் அந்த மாற்றத்தின் மொழிச் சுவடுகள்.

இதனோடு ஒப்பிடத்தக்கது தாழையூத்தை அடுத்த சங்கர்நகர். 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. சிமெண்ட் சூளையின் உட்பொருள் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் வெந்து கட்டியாகிறது. அத்தகைய சூளையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட இயலாது. குளிர்ந்து சூடேறும் ஒவ்வொரு முறையும் அதன் உட்சுவர்ச் செங்கல் பழுதுறும். அங்கு இரவுப்பணி தொழில்நுட்பத்தின் தேவை. நூற்கதிரை நிறுத்தி வைப்பதால் கதிருக்குக் கேடில்லை. முதலீடு சும்மா நிற்கும், அவ்வளவே. ஆகவே நூற்பாலையின் இரவுப்பணி பொருளாதாரத் தேர்வு. இவ்வேறுபாடு முக்கியமானது. முன்னதில் இடரைக் குறைக்கலாம், நீக்க முடியாது. பின்னதில் இரவு வேலை வேண்டுமா என்னும் வினாவையே எழுப்ப முடியும்.

3. இடரின் நான்கு கூறுகள்

முறைப்பணியால் நேரும் காய இடரைப் பிரிட்டனைச் சேர்ந்த சைமன் ஃபோல்கார்ட், பிலிப் டக்கர் ஆகியோர் பல ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2003இல் மதிப்பிட்டனர். அவர்களும் அவர்களோடு இணைந்து ஆய்வு செய்தோரும் தந்த முடிவுகளிலிருந்து நான்கு கூறுகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, எந்த முறை என்பது. காலைமுறையின் இடரை 100 எனக் கொண்டால் மாலைமுறையின் இடர் 118 அளவிலும் இரவுமுறையின் இடர் 130 அளவிலும் அமைகிறது. இரண்டாவது, எத்தனையாவது இரவு என்பது. முதல் இரவை 100 எனக் கொண்டால் இரண்டாம் இரவு 106, மூன்றாம் இரவு 117, நான்காம் இரவு 136. மூன்றாவது, பணியின் நீளம். எட்டு மணி நேரப் பணியை 100 எனக் கொண்டால் பத்து மணி நேரப் பணியின் இடர் 113, பன்னிரண்டு மணி நேரப் பணியின் இடர் 128. நான்காவது, இறுதியாக ஓய்வெடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்பது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து உழைப்பவரின் இறுதி அரைமணி நேர இடர், ஓய்வு முடிந்த முதல் அரைமணி நேர இடரைப் போல் இருமடங்கு.

இவற்றின் காரணம் உடலில் உள்ளது. உடலின் உள்வெப்பமும் விழிப்புணர்வும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்குகின்றன; பின்னிரவில் தாழ்நிலையை அடைகின்றன. இந்த உடற்கடிகாரம் பகலொளியால் நேர்செய்யப்படுவது. இரவுப்பணி முடிந்து காலை வெயிலில் வீடு திரும்புபவரின் கடிகாரம் மீண்டும் பகலுக்கே திரும்பிவிடுகிறது. எனவே சில இரவுகளில் உடல் பழகிவிடும் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பகலுறக்கம் இரவுறக்கத்தைவிடக் குறுகியது. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழோ, குழந்தைகளும் சமையலும் காத்திருக்கும் ஓரறை வீட்டிலோ அது மேலும் குறுகும். உறக்கக் கடன் நாளுக்கு நாள் சேர்வதையே இரண்டாம் கூறின் எண்கள் காட்டுகின்றன.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு ஒப்பாகக் குறைகிறது என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் காட்டினர். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 0.03 விழுக்காடு. காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலில் உறங்காமல் முதல் இரவுமுறைக்கு வருபவர் இரவு 11 மணிக்கே இந்நிலையை எட்டிவிடுகிறார். சாலையில் வாகனம் ஓட்டத் தகாத நிலையில் உள்ளவர் சுழலும் உருளையின் அருகே நிற்கிறார். பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் அம்பாசமுத்திரம் சாலையில் வீடு திரும்புவதும் அவரே. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், பணியோடு தொடர்புடைய இவ்வழிப்பயண விபத்தையும் பணிக்காயமாக ஏற்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

4. எண்ணிக்கையும் விகிதமும்

ஒரு தொழிலகத்தின் விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால் பகலில் நேர்ந்த காயங்களே மிகுதியாக இருக்கக்கூடும். அதனால் இரவு பாதுகாப்பானது என்று முடிவு செய்வது பிழை. பகலில் ஆள்கள் மிகுதி. பராமரிப்பு, ஏற்றுதல், இறக்குதல் ஆகியன பகலில் நடப்பவை. இரவில் மருத்துவ அறை மூடியிருந்தால் சிறுகாயம் பதிவாகாமலே போகும். இரவைத் தாங்க இயலாதோர் வேலையை விட்டு நீங்கிவிட, தாங்குவோர் மட்டுமே எஞ்சி நிற்பர். ஆகவே எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உழைத்ததில் எத்தனை காயம் என்னும் விகிதமே பொருளுடையது. மூன்று முறைகளிலும் ஒத்த எண்ணிக்கையினர் ஒரே வகை வேலையைச் சுழற்சியில் செய்த பிரிட்டன் பொறியியல் நிறுவனம் ஒன்றை 1994இல் ஆராய்ந்தபோது, காலையைவிட இரவில் காயம் ஏறத்தாழ 23 விழுக்காடு மிகுந்திருந்தது.

இத்தகைய ஆய்வை நம்மிடத்தும் செய்ய இயலும். தொழிலகச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி, 48 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்ய இயலாதவாறு ஒருவர் காயமுற்றால் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிவம் விபத்து நேர்ந்த மணியையும், காயமுற்றவர் அன்று வேலை தொடங்கிய மணியையும் கேட்டது. முதல், மூன்றாம் கூறுகளுக்கான தரவு அதில் உள்ளது. அவர் தொடர்ந்து எத்தனையாவது இரவாகப் பணியில் இருந்தார், இறுதியாக எப்போது ஓய்வெடுத்தார் என்னும் இரு வினாக்களைச் சேர்த்தால் நான்கு கூறுகளும் முழுமை பெறும்.

5. சட்டம் அளப்பதும் அளக்காததும்

2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் பணியின் நீளத்தை வரையறுத்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி உழைக்கக் கூடாது, குறைந்தது அரைமணி நேர ஓய்வு வேண்டும் என்றது. அதாவது மூன்றாம், நான்காம் கூறுகளை அளந்தது. எந்த நேரம், எத்தனையாவது இரவு என்பவை நிர்வாகத்தின் முறைப்பட்டியலுக்கு விடப்பட்டன. வாரம் ஒரு நாள் விடுமுறையும் வாரந்தோறும் மாறும் முறைப்பட்டியலும் சேர்ந்தால் தொடர்ச்சியாக ஆறு இரவுகள் கிடைக்கும். மேற்கண்ட மதிப்பீடு நான்காம் இரவோடு நிற்கிறது. நம் தொழிலாளர் அதற்கு அப்பாலும் இரண்டு இரவுகள் உழைக்கின்றனர். இச்சட்டத்தை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நாள் வரம்பை எட்டு மணி நேரமாக்கினாலும், அதன் வாசகத்தில் தொடர் இரவுகளுக்கு வரம்பில்லை.

இதன் விளைவை ஃபோல்கார்டும் லொம்பார்டியும் 2006இல் அமைத்த கணிப்பு தெளிவாக்குகிறது. எட்டு மணி நேரப் பகல்பணி ஐந்து கொண்ட வாரத்தோடு ஒப்பிட, 48 மணி நேர வாரத்தின் இடர் அது பகுக்கப்படும் வகைக்கேற்ப மாறுகிறது. ஆறு பகல், நாளுக்கு எட்டு மணி நேரம் எனில் 3 விழுக்காடு கூடுதல். நான்கு பகல், பன்னிரண்டு மணி நேரம் எனில் 25 விழுக்காடு. ஆறு இரவு, எட்டு மணி நேரம் எனில் 41 விழுக்காடு. நான்கு இரவு, பன்னிரண்டு மணி நேரம் எனில் 55 விழுக்காடு. சட்டத்தின் பார்வையில் நான்கும் ஒரே 48 மணி நேரம்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேரப் பணிக்கு இடந்தரும் திருத்தத்தை நிறைவேற்றியபோது, வார வரம்பு மாறவில்லை என்பதே அதன் ஆதரவாளர் வாதமாக இருந்தது. எதிர்ப்பின் விளைவாக மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வார வரம்பு மாறாவிடினும் இடர் மாறும் என்பதை மேற்கண்ட எண்கள் காட்டுகின்றன. முதல் உலகப்போர்க்கால பிரிட்டனின் வெடிகுண்டுத் தொழிலகங்களை ஆராய்ந்த வெர்னான், பெண் தொழிலாளரின் விபத்துகள் 10 மணி நேர நாளைவிட 12 மணி நேர நாளில் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்ததைப் பதிந்துள்ளார். இது நூறாண்டுக்கு முன்பே அறியப்பட்ட செய்தி.

6. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு

பெண்களை இரவில் தொழிலகத்தில் அமர்த்தத் தடை விதித்த 66ஆம் பிரிவின் பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் 2000 டிசம்பரில் செல்லாததாக்கியது. இத்தீர்ப்பு பெரும்பாலும் பாலினச் சமத்துவம் பற்றிய உரையாடலிலேயே சுட்டப்படுகிறது. அதில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று காய இடர் ஆய்வில் தனிக் கவனம் பெறத்தக்கது: பெண் தொழிலாளரைப் பகல்முறையிலிருந்து இரவுமுறைக்கோ இரவிலிருந்து பகலுக்கோ மாற்றும்போது இடையே 12 மணி நேரத்திற்குக் குறையாத ஓய்வு வேண்டும்.

இந்நிபந்தனை மேற்கூறிய சட்ட இடைவெளியின் ஒரு பகுதியை அடைக்கிறது. இரவு 10 மணிக்கு மாலைமுறை முடித்த ஆண் தொழிலாளர் மறுநாள் காலை 6 மணிக்குக் காலைமுறைக்கு வருவது சட்டத்திற்கு முரணன்று. அந்த எட்டு மணி நேரத்திற்குள் பயணம், உணவு, குளியல் போக உறக்கத்திற்கு எஞ்சுவது ஐந்து மணி நேரமே. 12 மணி நேர இடைவெளியின் நியாயம் உறக்கம். உறக்கத்தின் தேவை பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஆணுக்கு மறுக்கப்பட்டிருப்பது சலுகையன்று, பாதுகாப்பு.

7. முடிவுரை

முறைப்பணியின் காய இடர் இரவு என்னும் ஒற்றைக் காரணத்தால் விளைவதன்று. நேரம், தொடர்ச்சி, நீளம், ஓய்வு என்னும் நான்கும் கூடி விளைவது. சூளை அணையாது எரிய வேண்டிய இடத்திலும் தொடர் இரவுகளைக் குறைக்கலாம். ஓய்வை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாக்கலாம். முறை மாறும்போது 12 மணி நேர இடைவெளியை ஆண், பெண் இருபாலார்க்கும் உறுதிசெய்யலாம். இவற்றுக்குப் புதிய எந்திரம் தேவையில்லை. முறைப்பட்டியலைத் திருத்தி எழுதினால் போதும். விபத்து அறிவிப்புப் படிவங்களை மணிவாரியாகத் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ள வேண்டிய பணி. ஒரு தொழிலாளி விரலையோ உயிரையோ இழந்த பின் எந்திரத்தில் பாதுகாப்பு வேலி இருந்ததா என்று கேட்கிறோம். அது அவருக்கு எத்தனையாவது இரவு என்றும் கேட்கத் தொடங்க வேண்டும்.