கோணல் கதவும் வடிவொத்த முக்கோணமும்

அமெரிக்காவில் 1948-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தது ஃபோர்டு எஃப்-1 என்னும் சிறிய சரக்கு வண்டி. முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சரக்குத் தொட்டி. இத்தகைய வண்டியைப் பிக்-அப் என்பார்கள். 1952 வரை உற்பத்தியான இவ்வண்டிகளை இன்றும் அந்நாட்டு ஆர்வலர்கள் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னும் ஒரு தொல்லை மிஞ்சுவதுண்டு. கதவு சரியாகப் பொருந்தாது. அதன் பின் விளிம்பில் இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 8 மி.மீ. என்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். பூட்டு சரியாகக் கவ்வாவிட்டால், மேடு பள்ளத்தில் கதவு திறந்துகொள்ளவும் கூடும்.

விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டால் போதாதா? போதாது. தேய்த்த தகடு திரும்பி வராது, குறையும் தீராது. ஏனெனில், குறை தெரியும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. எங்கே பிறந்தது என்று நாம் தேடிப் பார்ப்போம்.

முதலில் அடித்தளம். ஓட்டுநர் அறை எஃகுச் சட்டத்தின்மேல், ரப்பர்த் திண்டுகளின் மீது அமர்ந்திருக்கிறது. நாளடைவில் ரப்பர் இறுகி, நசுங்கிப்போகும். ஒரு மூலை தாழ்ந்தால் அறையே சற்று முறுக்கிக்கொள்ளும். கதவுக்கான வாயில் கோணலாகும். இதைக் கண்டுபிடிக்க நீங்கள் படித்த வடிவியலே போதும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம். அது சாய்ந்து இணைகரமானால் ஒன்று நீளும், மற்றொன்று குறையும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சட்டத்தின் இரு பக்கமும் ஒத்த துளைகளுக்கிடையே மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். கதவு வாயில் சரியான செவ்வகமன்று. ஆகவே இடப்பக்க வாயிலின் அளவுகளை வலப்பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். நைந்த திண்டுகளை மாற்றி, தேவையான இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகி அறையை மட்டப்படுத்துவார்கள். இத்துண்டுகளுக்கு ‘ஷிம்’ என்று பெயர்.

அடுத்தது கீல். எடுத்துக்காட்டாக, கதவின் எடை 25 கிலோகிராம் என்போம். அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, இரு கீல்களுக்கிடையே 40 செ.மீ. திருப்புத்திறனைக் கணக்கிடுங்கள்: 25 × 50 ÷ 40 = 31.25. அதாவது மேல் கீலை ஏறத்தாழ 31 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை ஓயாமல் வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை அதே விசை உள்ளே அழுத்துகிறது. பல்லாண்டுகளில் கீலின் ஊசி தேய்ந்து, கதவின் பின்முனை தொங்கிவிடுகிறது.

ஊசியைப் புதிதாக மாற்றியும் தொங்கல் மிஞ்சினால், கீழ்க் கீலின் பின்னே 2 மி.மீ. ஷிம் ஒன்றைச் செருகுங்கள். கதவின் அகலம் 100 செ.மீ. என்றால் பின்முனை எவ்வளவு உயரும்? வடிவொத்த முக்கோணங்களின்படி 2 × 100 ÷ 40 = 5 மி.மீ. மேலே 3, கீழே 8 என்ற வேறுபாடும் குறைந்துவிடும்! தகட்டின்மேல் ஓர் அடிகூட விழவில்லை.

கதவு பொருந்திய பிறகே அதையொட்டி மட்கார்டையும், மட்கார்டையொட்டி பானெட்டையும் பொருத்த வேண்டும். வரிசை மாறினால் முதலில் செய்த வேலையை மறுபடியும் செய்ய நேரும்.

தகடே நெளிந்திருந்தால் என்ன செய்வது? எஃகை மீட்சி எல்லைக்குள் வளைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லை கடந்தால் நிரந்தரமாக நீண்டுவிடும். நீண்ட தகடு புடைத்து நிற்கும். அதை மேலும் தட்டினால் இன்னும் நீளும். இங்கே வெப்பம் கைகொடுக்கிறது. 20 மி.மீ. அகலமுள்ள ஒரு புள்ளியைச் செந்நிறமாகச் சூடேற்றினால் அது ஏறத்தாழ 0.2 மி.மீ. விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடங்கொடாது. எனவே இளகிய எஃகு பக்கவாட்டில் விரியாமல் தடித்துவிடுகிறது. ஆறும்போது சுருங்கி, சுற்றுப்புறத்தைத் தன்பால் இழுக்கிறது, புடைப்பு அமர்கிறது.

இத்தனையும் செய்யாமல் பள்ளத்தில் பசையைத் தடிமனாக அப்பி வண்ணம் பூசினால், அதிர்வில் அது வெடித்து உதிரக்கூடும்.

உங்கள் வீட்டு அலமாரியின் கதவு உராய்கிறதா? கீல்களின் இடைத்தூரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து, எத்தனை மில்லிமீட்டர் அட்டையைக் கீலின் பின்னே வைக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உளியை எடுப்பதற்குமுன் அளவுகோலை எடுங்கள்.