ஷி வூ பெய்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு. மாண்டரினில் 'ஷி வூ பெய்'. ஷி என்றால் பத்து, வூ ஐந்து, பெய் என்பது எழுத்துப் பொறித்த கல். மலேசியத் தமிழர் மைல் கணக்கைக் 'கட்டை' என்பதில்லையா, சீனர்கள் அதைப் பெய் என்கிறார்கள். மூன்றில் முதல் எழுத்தை மட்டும் இன்று பழகுவோம்.

அது நம் கூட்டல் குறியேதான். ஆனால் மனம்போனபடி போடக்கூடாது. முதலில் படுக்கைக் கோடு, இடமிருந்து வலம். அடுத்து நெட்டுக்கோடு, மேலிருந்து கீழ். இந்த வரிசை மாறவே கூடாது. சீனப்பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டை வாங்கிப் பாருங்கள்: ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புள்ளிக்கோட்டில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதன் மேலேயே பென்சிலை ஓட்டலாம். (மதுரைப் பக்கத்து மாங்குளம் தமிழி கல்வெட்டில் நம் 'க'வும் இதே வடிவம்தான். கைக்குப் பழைய உறவு!)

உச்சரிக்கும்போது, 'ஆமாவா?' என்று கேட்கையில் குரல் மேலேறுமே, அப்படி ஏற வேண்டும். கோலாலம்பூர்க் கடைத்தெருவில் கேட்கும் கான்டனீஸில் இதே எழுத்து 'சாப்'. வாயை மூடி முடிப்பார்கள்.

கோட்டின் நீளத்தில் கவனம் தேவை. பத்தின் அடியில் நீளமாக ஒரு படுக்கைக் கோடு இழுத்தால் 'மண்'. அதே அடிக்கோடு மேல்கோட்டைவிடக் குட்டையானால் 'கற்றவர்'. எ, ஏ ஆவதற்கு ஒரு கீற்று போதும் என்று அறிந்த நமக்கு இது புதிதில்லை.

எண்ணும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பத்துக்குப் பின் ஐந்து வந்தால் பதினைந்து, ஐந்துக்குப் பின் பத்து வந்தால் ஐம்பது. நம் பழைய தமிழ் எண்களும் அப்படியே: ௰௫ பதினைந்து, ௫௰ ஐம்பது. பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. இதை வாய்பாடாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தமிழில் எண்ணினாலே போதும்.

மீதி இரண்டு எழுத்துகளில், ஐந்துக்கு 4 கோடுகள். பெய்க்கு 13, பார்த்ததும் மிரள வேண்டாம். இடப்பக்கம் 'கல்' என்ற எழுத்து, அது பொருளைச் சொல்கிறது. வலப்பக்கம் ஒலியைச் சொல்கிறது. அந்த 13இல் கடைசி இரண்டு கோடுகள், நீங்கள் இப்போது எழுதிப் பழகிய அதே பத்து.